முதல் முறை டபிள்யூ.சி. பாலிசி எடுக்கும் கட்டிட கான்ட்ராக்டருக்கு

சொந்தமாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பிக்கும் புதிதில் டபிள்யூ.சி. (வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன், அதாவது வேலையில் அடிபட்ட ஆளுக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்கான காப்பீடு) என்ற இந்தப் பாலிசியின் பெயர் பெரும்பாலும் பில்லிங் செக்‌ஷனில்தான் காதில் விழும். "டபிள்யூ.சி. காப்பி வைக்காமல் பில் பாஸ் ஆகாது" என்பார்கள். உடனே தெரிந்த ஏஜென்டுக்கு போன் போட்டு, எது குறைச்சலோ அதைப் போடச் சொல்வோம். மறுநாள் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்துவிடும், பில்லும் நகர்ந்துவிடும். அந்த பிடிஎஃபை யாரும் திறந்து படிப்பதில்லை. சாரம் சரிந்த அன்று திறந்து பார்த்தால், சைட்டில் இருக்கும் ஆட்களில் பாதிப் பேர் அதில் இருக்க மாட்டார்கள்.

எந்த வேலை, எந்த இடம், எவ்வளவு கூலி என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். அந்த மூன்றும் சரியாக இருந்தால் பாலிசி நிற்கும். ஒன்று தவறினாலும் பணம் உங்கள் கையிலிருந்து போகும். தமிழ்நாட்டில் சிறிய அளவில் கட்டிட வேலை எடுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெயிண்டிங், எலக்ட்ரிக்கல், ஃபேப்ரிகேஷன் எடுப்பவர்களுக்கும் பொருந்தும்.

பொறுப்பு எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுங்கள்

வேலையின்போது, வேலையின் காரணமாக ஆளுக்கு அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வைத்த பொறுப்பு இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஒரு அத்தியாயமாக இது மாறியிருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. விபத்துக்கு உங்கள் தவறு காரணமா என்ற கேள்வியே இதில் எழாது.

கணக்கு இப்படி. இறப்பு என்றால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கு ஏற்பச் சட்ட அட்டவணையில் உள்ள காரணி என்ற எண்ணால் பெருக்க வேண்டும். முழு நிரந்தர ஊனம் என்றால் மாதக் கூலியில் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். காரணி 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுக்கும் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 8,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக உயர்த்தப்பட்டது. இந்தத் தொகை அரசு அறிவிப்பால் மாறக்கூடியது. அதனால் ஒவ்வொரு முறை பாலிசி எடுக்கும்போதும் இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

30 வயதுக் கொத்தனார் ஒருவர் நாள் 1,000 ரூபாய் வாங்குகிறார் என்று வையுங்கள். மாதம் 26 நாளுக்கு 26,000 ரூபாய். கணக்குக்கு 15,000 மட்டும் எடுப்பார்கள். அவர் இறந்தால் 7,500-ஐ 207.98-ஆல் பெருக்க 15,59,850 ரூபாய். இனி வேலையே செய்ய முடியாத ஊனம் என்றால் 18,71,820 ரூபாய். கட்டை விரல் போனால் சட்ட அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. அதற்கே 5,61,546 ரூபாய் வரும்.

அட்டவணையின் சதவீதத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட ஒரு தச்சரின் வழக்கில், ஒரு கையை வைத்துத் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே இது முழு ஊனம்தான் என்பதை 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கம்பி கட்டுபவருக்கும் கொத்தனாருக்கும் இந்த வாதம் அப்படியே பொருந்தும்.

தற்காலிகமாக வேலைக்கு வர முடியாதவருக்கு 15 நாளுக்கு ஒருமுறை மாதக் கூலியில் 25 சதவீதம் தர வேண்டும். 15,000 கணக்கில் மாதத்துக்கு 7,500 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு தனி. ஆஸ்பத்திரி பில்லை வேலை கொடுத்தவர் திருப்பித் தர வேண்டும் என்பது 2010-லிருந்து சட்டத்திலேயே இருக்கிறது.

"பெல்ட் போடச் சொன்னேன், அவன் போடவில்லை" என்பது பல கான்ட்ராக்டர்கள் நம்பியிருக்கும் பதில். குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற காரணங்கள் உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் குறைவான காயங்களில்தான் எடுபடும். இறப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் எடுபடாது. அடிபட்டவர் "எனக்கு இழப்பீடு வேண்டாம்" என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது.

இ.எஸ்.ஐ. யாருக்கு, பாலிசி யாருக்கு

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவாகிப் பணம் கட்டப்படும் ஆளுக்கு வேலை விபத்துப் பலன்கள் இ.எஸ்.ஐ.யிலிருந்தே கிடைக்கும். அவரால் உங்களிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. அமலில் உள்ள பகுதிகளில் 2015 ஆகஸ்ட் முதல் கட்டுமான சைட் ஆட்களுக்கும் இது நீட்டிக்கப்பட்டது.

அதனால் முதல் வேலை ஒரு தாளில் ஆட்களின் பெயரை எழுதி இரண்டாகப் பிரிப்பது. இ.எஸ்.ஐ. எண் உள்ளவர்கள் ஒரு பக்கம். சம்பளம் 21,000-ஐத் தாண்டியவர்கள், நான்கு நாள் வந்து போகிறவர்கள், இன்னும் பதிவாகாதவர்கள் மறுபக்கம். அந்த மறுபக்கம் முழுவதும் பாலிசிக்குள் வர வேண்டும். கொத்தனார், கம்பி, சென்ட்ரிங் ஆட்களுக்கு இன்றைய நாள் கூலியில் 26 நாள் கணக்குப் போட்டாலே 21,000-ஐத் தாண்டிவிடுகிறது. ஆக, அதிக ஆபத்தில் நிற்பவர்களே இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கிறார்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் ஆட்களைப் பதிவு செய்ய வையுங்கள், நல்லது. வாரியம் தரும் உதவித்தொகை அவர்கள் குடும்பத்துக்கானது. அதனால் உங்கள் பொறுப்பு குறையாது. குரூப் பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியும் அப்படித்தான். விலை குறைவு என்று சிலர் அதை டபிள்யூ.சி.க்கு மாற்றாக விற்பார்கள். அது ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை தரும், அவ்வளவே. சட்டப்படி உங்கள் மேல் விழும் இழப்பீட்டை அது ஏற்காது.

கூலிக் கணக்கை நீங்களே போடுங்கள், ஏஜென்டிடம் விடாதீர்கள்

பிரீமியம் போடுவது ஆட்களின் தலைக்கணக்கில் இல்லை, பாலிசிக் காலத்தில் நீங்கள் கொடுக்கப்போகும் மொத்தக் கூலியின் மேல். வேலையின் தன்மைக்கு ஏற்ப விகிதம் மாறும். தரைமட்ட வேலைக்கு ஒரு விகிதம், உயரத்தில் வேலைக்கு வேறு, இடிப்பு வேலைக்கு இன்னும் கூட.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தரைத்தளமும் இரண்டு மாடியும் உள்ள வீடு, 8 மாத வேலை. கொத்தனார் 4 பேர், நாளுக்கு 1,000. மாதம் 26 நாள் என்றால் 8 மாதத்துக்கு 8,32,000. சித்தாளும் பெரியாளுமாக 6 பேர், சராசரி 700. அது 8,73,600. கம்பி, சென்ட்ரிங் ஆட்கள் 4 பேர், 950 வீதம் 3 மாதம் மட்டும். 2,96,400. ஆக மொத்தம் 20,02,000 ரூபாய். பாலிசி கேட்டுக் கொடுக்கும் புரொபோசல் பாரத்தில் நீங்கள் எழுத வேண்டியது இந்த மூன்று வரிகளும் இந்தத் தொகையும்.

நடைமுறையில் எழுதப்படுவது வேறு. "கூலியாட்கள் – 5 பேர் – மாதம் 8,000" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உச்சவரம்பு 8,000-ஆக இருந்த காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்படி எழுதிய பாலிசியில் கொத்தனாருக்கு 15,000 கணக்கில் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு வந்தால், நாங்கள் ஏற்றது 8,000-க்கு மட்டும்தான் என்று கம்பெனி சொல்லும். மீதி ஏறக்குறைய பாதித் தொகை உங்கள் தலையில். சைட்டில் 14 பேர் இருக்க, பாலிசியில் 5 பேர்தானே, அடிபட்டவர் அந்த ஐவரில் ஒருவர்தானா என்று அடுத்த கேள்வி வரும். பிரீமியத்தில் மிச்சப்படுத்தியது சில ஆயிரம், இழப்பது லட்சங்கள்.

உண்மையான கூலி 15,000-க்கு மேல் இருக்கும்போது முழுக் கூலியையும் காட்ட வேண்டுமா, 15,000 மட்டும் காட்டினால் போதுமா என்பதைக் கம்பெனியிடம் ஈமெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். போனில் சொன்னதை நம்ப வேண்டாம். எப்படியானாலும் 15,000-க்குக் கீழே எழுத விடாதீர்கள்.

பிடிஎஃபில் எந்தெந்த வரியைப் படிக்க வேண்டும்

நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியன்டல் என்ற நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளும் பல தனியார் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் இந்தப் பாலிசியைத் தருகின்றன. இரண்டு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஆனால் பிரீமியத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜிஎஸ்டி 18 சதவீதம் எல்லாருக்கும் பொது. வித்தியாசம் ஷெட்யூல் என்ற முதல் இரண்டு பக்கங்களில்தான் இருக்கும்.

இடம் என்ற வரியில் உங்கள் ஆபீஸ் முகவரி மட்டும் இருந்தால் அந்தப் பாலிசி சைட்டுக்கு உதவாது. சைட் முகவரி இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் பல சைட் நடத்துகிறவர் என்றால் "தமிழ்நாட்டில் எங்கும்" என்று எழுதி வாங்க முடியுமா என்று கேளுங்கள். தொழில் என்ற வரியில் வெறுமனே "சிவில் வேலை" என்று விடாமல் சென்ட்ரிங், கம்பி கட்டுதல், வெளிப்பூச்சு, உயரத்தில் பெயிண்டிங் என்று பிரித்து வரட்டும். எத்தனை மாடி அல்லது எத்தனை மீட்டர் உயரம் வரை என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் கீழே இருக்கும். இரண்டு மாடி வரை என்று போட்ட பாலிசியை வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு சாரம் ஏற்றக் கூடாது.

பெயர் போட்ட பாலிசியா, பெயரில்லாத பாலிசியா என்பதையும் பாருங்கள். வாரா வாரம் ஆள் மாறும் கட்டிட வேலைக்குப் பெயரில்லாததுதான் சரி. நிலையாக நான்கு எலக்ட்ரீஷியன் மட்டும் வைத்திருப்பவருக்குப் பெயர் போட்டது போதும். ஆனால் ஐந்தாவது ஆள் வந்த அன்றே சேர்க்க வேண்டும்.

மருத்துவச் செலவு அடிப்படைப் பாலிசியில் பெரும்பாலும் வராது. "மெடிக்கல் எக்ஸ்டென்ஷன்" என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கும். 25,000 ரூபாய் வரம்பை வைத்துக்கொண்டு தொடை எலும்பு ஆபரேஷன் பில்லைக் கட்ட முடியாது. குறைந்தது ஒரு லட்சம் கேளுங்கள். இந்தப் பாலிசியில் அடிக்கடி பயன்படப்போவது இந்தப் பகுதிதான். உயிர்ச்சேதத்தைவிட எலும்பு முறிவும் ஆணி குத்தியதும் சைட்டில் சாதாரணம்.

அடுத்தது வட்டி. விபத்து நடந்த நாளே இழப்பீடு தர வேண்டிய நாள். அந்தத் தச்சர் வழக்கிலேயே இதுவும் தீர்ப்பானது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஓடும். மேலே பார்த்த 15,59,850 ரூபாய்க்கு அது மாதம் ஏறக்குறைய 15,600. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதமும் வரும். அபராதத்தைக் கம்பெனி ஏற்காது. வட்டியை ஏற்க மாட்டோம் என்று பாலிசியில் எழுதியிருந்தால் அது செல்லும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டி சேர்ந்த பாலிசி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். வழக்கு இரண்டு மூன்று வருடம் இழுத்தால் வட்டியே சில லட்சம்.

இந்தப் பாலிசியில் நீங்கள் வர மாட்டீர்கள், உங்கள் பார்ட்னரும் வர மாட்டார். நீங்களும் சாரத்தில் ஏறுகிறவர் என்றால் உங்களுக்கென்று ஒரு பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி தனியாக எடுங்கள். ரோட்டில் போகிறவர் மேல் செங்கல் விழுந்தாலும் இது உதவாது. அதற்கு வேறு பாலிசி.

சப் கான்ட்ராக்ட் ஆட்கள்

டைல்ஸை ஒருவரிடம், பெயிண்டிங்கை இன்னொருவரிடம் லேபர் ரேட்டுக்கு விட்டுவிட்டால் அவர்கள் ஆட்கள் நம் பொறுப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் தொழிலின் வேலையை நீங்கள் வெளியில் கொடுத்திருந்தால், அந்த ஆள் உங்களிடமே இழப்பீடு கேட்கலாம். நீங்கள் கொடுத்துவிட்டு சப் கான்ட்ராக்டரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரியிடம் 15 லட்சம் எங்கே வசூலிப்பது? உங்களுக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனி உங்களிடம் டபிள்யூ.சி. காப்பி கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வழி இரண்டு உண்டு. அவர் சொந்தப் பாலிசி வைத்திருந்தால் காப்பி வாங்கி, மேலே சொன்ன வரிகளைப் படித்துப் பார்த்து, அது முடியும் தேதியை உங்கள் போனில் போட்டு வையுங்கள். இல்லையென்றால் சப் கான்ட்ராக்டர்களின் ஆட்களும் சேர்த்து என்று உங்கள் பாலிசியிலேயே எழுதி வாங்கி, அவர்கள் கூலியையும் மொத்தத்தில் காட்டுங்கள். சின்ன மேஸ்திரிகளிடம் வேலை விடுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் சரிப்படும். அந்தப் பிரீமியத்தை அவர் பில்லில் கழிப்பதா என்பதை வேலை தொடங்கும் முன்னே பேசிக்கொள்ளுங்கள்.

நாள்தோறும் செய்ய வேண்டியது

சைட்டில் ஒரு மஸ்டர் ரோல் நோட்டு வையுங்கள். பெயர், அப்பா பெயர், ஊர், வயது, வேலை, நாள் கூலி, கையெழுத்து அல்லது கைநாட்டு. புதிய ஆள் வந்தால் செங்கல்லைத் தொடும் முன்பே ஆதாரைப் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். இழப்பீட்டுக் கணக்கே வயதில் நிற்பதால் வயதுக்கு ஆதாரம் அவசியம். ஒடிஷா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆட்களிடம் வீட்டில் ஒருவருடைய போன் எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்கும் நிலை அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

கூலியை ஜிபே-யிலோ வங்கியிலோ அனுப்பினால் அதுவே சாட்சி. ரொக்கமாகக் கொடுக்கிறீர்கள் என்றால் சனிக்கிழமை பட்டுவாடாவில் அந்த நோட்டிலேயே கையெழுத்து வாங்குங்கள். நோட்டு தீர்ந்ததும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். விபத்து நடந்து இரண்டு ஆண்டு வரை கிளெய்ம் போடலாம் என்பதால் மூன்று வருடமாவது பத்திரமாக இருக்கட்டும்.

ஆள் கூடினால், மாடி கூடினால், புதிய சைட் தொடங்கினால், வேலை நீண்டுபோனால் உடனே கம்பெனிக்கு எழுதி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யும் திருத்தம்) வாங்குங்கள். 8 மாதம் என்று எடுத்த வேலை மழையில் 11 மாதம் ஆகும். நடுவில் விட்டுப்போன மூன்று மாதத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அடிபட்ட அன்று

முதலில் ஆளைப் பாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லி, அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு கம்பெனி அந்த ஒரு வரியைக் காட்டியே கிளெய்மை மறுக்கும். ஆளுக்கும் போச்சு, உங்களுக்கும் போச்சு.

அன்றைக்கே கம்பெனிக்கு ஈமெயிலில் தகவல் கொடுத்து கிளெய்ம் எண் வாங்குங்கள். ஏஜென்டிடம் சொன்னது கம்பெனியிடம் சொன்னதாகாது. சாரம், ஏணி, விழுந்த இடம் ஆகியவற்றைப் போட்டோ எடுங்கள். அன்றைய மஸ்டர் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். பலத்த காயமோ இறப்போ என்றால் போலீசில் பதிவு செய்வதோடு, 7 நாட்களுக்குள் தொழிலாளர் துறையில் உள்ள இழப்பீட்டு ஆணையருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டும். மாவட்டங்களில் தொழிலாளர் துணை ஆணையரோ இணை ஆணையரோ இந்தப் பொறுப்பைப் பார்ப்பார். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வயதுச் சான்று, கூலி நோட்டு எல்லாம் தேவைப்படும். ஊனம் என்றால் மருத்துவரின் சதவீதச் சான்று. வாரிசுச் சான்றிதழுக்காக அந்தக் குடும்பம் தாலுகா ஆபீசுக்கு அலையும்போது கூட ஒரு ஆளை அனுப்புங்கள். அவர்கள் காகிதம் வரத் தாமதமானால் உங்கள் கிளெய்மும் தாமதமாகும்.

வீட்டிலிருந்து சைட்டுக்கு வரும் வழியில் நடந்த விபத்தும் சூழ்நிலையைப் பொறுத்து வேலை விபத்தாகலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆகவே வழியில் அடிபட்டாலும் கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் முன் செட்டில்மென்ட்

இறப்பு நடந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். இரண்டு தரப்பிலும் நாலு பேர் உட்காருவார்கள், ஒரு தொகை பேசி முடிப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். கொடுப்பவர் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார். சட்டப்படி அது தீரவில்லை. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகாது. மூன்று மாதக் கூலி வரை முன்பணமாகக் கொடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. மூன்று லட்சம் பேசிக் கொடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து 15 லட்சத்துக்கு நோட்டீஸ் வரலாம். கம்பெனியும், எங்களைக் கேட்காமல் எப்படிப் பேசினீர்கள் என்று விலகிவிடும்.

அடக்கச் செலவுக்கும் உடனடித் தேவைக்கும் தாராளமாக உதவுங்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் "ஆணையர் வழியாக முழுத் தொகையும் வரும், அதற்கு நானே கூட நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். கம்பெனிகள் பொதுவாக ஆணையரின் உத்தரவு வரும் வரை பணம் தராது. அதுவரை காத்திருக்காமல், எல்லாக் காகிதமும் கொடுத்தாகிவிட்டது, தாமதமானால் வட்டி ஏறுகிறது, டெபாசிட் செய்யுங்கள் என்று முதல் மாதத்துக்குள்ளேயே கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பின்னால் அபராதம் பற்றிய கேள்வி வரும்போது தாமதம் உங்களால் இல்லை என்று காட்ட அந்தத் தபால் ரசீதுதான் கையில் இருக்கும்.

காலம் முடியும்போது

பாலிசி முடிந்ததும் உண்மையில் கொடுத்த கூலி எவ்வளவு என்று கம்பெனி கேட்கும். கூடியிருந்தால் மீதிப் பிரீமியம் கட்ட வேண்டும். குறைந்திருந்தால், நிபந்தனைக்கு உட்பட்டுத் திரும்ப வரும். மஸ்டர் நோட்டு ஒழுங்காக இருந்தால் இது அரை மணி நேர வேலை. ரென்யூவலைக் கடைசி நாளுக்கு விடாமல் 15 நாள் முன்பே தொடங்குங்கள். பழைய ஷெட்யூலை அப்படியே காப்பி அடிக்காமல், அடுத்த வருடத்து வேலைகளையும் அன்றைய கூலியையும் வைத்துப் புதுக் கணக்கு போட்டுக் கொடுங்கள்.